கல்லாவுக்கு அந்தப் பக்கம்

ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கே ஸ்டேட்டஸ் போட்டாச்சு, பசங்களுக்கு பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தாச்சு. ராத்திரி ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு அந்த பிடிஎஃப்பை மறுபடி திறந்து பார்க்கும்போதுதான் வேலையோட பெயர் கண்ணில் படுகிறது: 'கஸ்டமர் சப்போர்ட் இன்ஜினியர்'. சர்க்யூட் தெரியும், கோடிங் ஓரளவு வரும். ஆனா கஸ்டமர்? போன் அடிச்சா எடுக்காம, அது நின்னதும் "என்ன?"னு மெசேஜ் அனுப்புற ஆள் நீங்க. டெலிவரி அண்ணன் கேட்டுக்கு வந்துட்டா ரூம்மேட்டை அனுப்புற ஆள். இனி ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது முகம் தெரியாத மனுஷங்களோட பேசணும்.

இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கூச்சமே இல்லாதவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம்.

முதல்ல, வெட்கப்பட வேண்டாம். இந்தப் பட்டியலில் பெரிய ஆளுங்க இருக்காங்க. 1891ல் லண்டனில் பாரிஸ்டர் ஆகி ஊர் திரும்பிய காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தன் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். எதிர்த்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யணும், அவ்வளவுதான். தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவது போல இருந்தது. கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த வக்கீல் 51 ரூபாய்க்கு வழக்கை நடத்தினார். இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். நம்ம பாஷையில் சொன்னால், முதல் கஸ்டமரையே டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டு லைனை கட் பண்ணிட்டார்.

இரண்டே வருஷத்தில், 1893ல், அதே ஆள் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்குப் போன கொஞ்ச நாளில் அங்கிருந்த இந்திய வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று அதைத்தான் சொல்கிறார். நடுவில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எதற்கும் அவர் போகவில்லை. மாறியது என்ன என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கோர்ட்டில் அவர் கவனம் முழுக்கத் தன் மேலேயே இருந்தது. பிரிட்டோரியாவில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பிரச்சினை மேல் இருந்தது.

இது வெறும் என் கருத்து இல்லை. 1995ல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் சமூகப் பதட்டத்துக்கு ஒரு மாதிரி வரைந்தார்கள். அதை நம்ம டிபார்ட்மென்ட் மொழியில் சொல்கிறேன். சிம்போசியத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் 'கீ...'னு கத்துமே, ஞாபகம் இருக்கா? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபை ஆகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, மறுபடி மைக்குக்கு. பாசிட்டிவ் ஃபீட்பேக். படபடப்பும் அதே லூப்தான். கஸ்டமர் முன்னால் நிற்கிறார். உங்கள் மைக் அவரை நோக்கி இருக்க வேண்டியது. அது உள்பக்கம் திரும்பிக்கொள்கிறது. "குரல் நடுங்குதா? முகம் சிவக்குதா? கை வேர்க்குதா?" தேடினால் கிடைக்கும், நடுக்கம் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும். அது கண்ணில் பட்டதும் இன்னும் பதட்டம், இன்னும் நடுக்கம். இதற்கு நடுவில் கஸ்டமர் என்ன கேட்டார் என்பதே காதில் விழாது. விழாததால் உளறுவோம். "பார்த்தியா, எனக்குப் பேச வராது"னு மனசு ஃபைல் போட்டுக்கொள்ளும்.

ஹவ்லிங் வந்தால் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் என்ன செய்வார்? ஸ்பீக்கரை உடைக்க மாட்டார். மைக்கைத் திருப்புவார்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் கற்றுக்கொண்டேன்.

கிரிவலம் போனவங்களுக்கு இடம் தெரியும். பதினாலு கிலோமீட்டர் பாதையில், மலைக்குப் பின்பக்கம், மேற்கில், ஏறக்குறைய பாதி வழியில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில். வருண லிங்கம் தாண்டி வந்தால் அந்த ஊர். சித்தப்பா பௌர்ணமிக்கு மட்டும் அங்கே சுக்கு காபி, டீ போடுவார். செகண்ட் இயர் லீவில் உதவிக்கு ஆள் வரலை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ராத்திரி எட்டு மணி வரை டம்ளர் கழுவினேன், பிரச்சினை இல்லை. அப்புறம் "நீ முன்னாடி நில்லுடா, காசு வாங்கு" என்றார்.

முதல் ஆளாக ஒரு அம்மா வந்தார். "எந்த அண்டி?" என்றார். எனக்கு 'எந்த' மட்டும் காதில் விழுந்தது. எந்த காபி வேணும்னு கேக்கிறார் போல என்று நினைத்து, "சுக்கு காபி, டீ, பால்" என்று ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டினேன். அவர் மறுபடி, "எந்த?" நான் மறுபடி முதலில் இருந்து காட்டினேன். வேர்த்துக் கொட்டுது. பின்னால் வரிசை நிற்குது. அவர் சிரித்துவிட்டு இருபது ரூபாய் நோட்டை ஆட்டிக் காட்டினார். தெலுங்கில் 'எந்த' என்றால் எவ்வளவு. பௌர்ணமிக்கு ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இருந்து எவ்வளவு கூட்டம் வருது என்று தெரிந்தும், அது என் மண்டையில் ஏறவில்லை. ஏனென்றால் என் மண்டை முழுக்க என் மூஞ்சிதான் இருந்தது.

பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா திட்டவில்லை. "டேய், அந்த அம்மாவப் பாரு" என்றார். பார்த்தேன். திண்டில் உட்கார்ந்து காபியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெறுங்காலில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்திருக்கிறார். என்னை எப்பவோ மறந்தாச்சு. "ஒருத்தனும் உன் மூஞ்சியப் பாக்க வரலடா. கால் எரியுது, தண்ணி வேணும், கூட வந்த புள்ளயக் காணோம், அதான் அவங்க கவல. நீ வர்றவங்க காலப் பாரு, உக்கார எடம் இருக்கான்னு பாரு" என்றார்.

அதற்கப்புறம் நான் செய்தது அதுதான். வருகிறவரின் காலைப் பார்ப்பது, தண்ணீர் வேணுமா என்று கேட்பது. யாராவது "எந்த" என்றால் "பதிஹேனு". விடியும்போது எத்தனை பேருக்குக் காசு வாங்கினேன் என்ற கணக்கே இல்லை. பயம் போய்விட்டதா? இல்லை. ஒவ்வொரு தடவை புது ஆள் வரும்போதும் ஒரு சின்ன 'திக்' இருந்தது. ஆனால் அதைக் கவனிக்க நேரம் இல்லை.

சித்தப்பா சொன்னதற்கு ஒரு பரிசோதனையே இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு 2000ல் வெளியிட்டது. ஒரு மாணவனுக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படி ஒரு பாடகர் படம் போட்ட டிஷர்ட் மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். "எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்க?" என்று கேட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிக்கும் குறைவு. அதே ஆராய்ச்சியாளர்கள் 2003ல் இன்னொன்று பார்த்தார்கள். மேடையில் பேசப்போகிற மாணவர்களிடம் "உங்க படபடப்பு நீங்க நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று முன்னாடியே விளக்கிச் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால்தான் இந்தப் பத்தியையே எழுதுகிறேன்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம ஊரில் மௌனத்துக்கு மரியாதை உண்டு. 1896ல் இங்கே வந்த ரமணர் வருஷக்கணக்கில் அதிகம் பேசாமலே இருந்தார், தேடி வந்தவர்கள் எதிரே சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஆனால் கஸ்டமர் லைனில் நீங்கள் மௌனமாக இருந்தால் அதற்கு 'டெட் ஏர்' என்று பெயர், குவாலிட்டி ஸ்கோரில் மார்க் போகும். சிஸ்டத்தில் எதையாவது தேடும்போது "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, உங்க டீடெய்ல்ஸ் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தேடுங்க. அப்புறம் அந்த நிமிஷம் உங்களுடையது, மூச்சு விடலாம்.

இனி பயிற்சி. ஜாயினிங் தேதி வரை காத்திருக்காதீங்க. பயத்தைத் தள்ளிப்போட்டால் அது வட்டியோடு வரும். ஒரு நோட்டு எடுத்து, பயமான விஷயங்களுக்கு 0 முதல் 100 வரை மார்க் போடுங்க. மனநல சிகிச்சையில் இது ரொம்ப காலமாகப் புழங்குகிற முறை. என் நோட்டில் பஸ் கண்டக்டரிடம் வழி கேட்பது 20. கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது 45 (சிரிக்காதீங்க). மொபைல் கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி ஒரு சந்தேகம் கேட்பது 50. இதில் ஒரு இலவச லாபம் உண்டு, அந்தப் பக்கம் இருப்பவர் எப்படி ஆரம்பிக்கிறார், எப்படி முடிக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்கலாம். சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் டேபிளில் உட்காருவது 65. எல்லோரும் ஸ்டேஜ் டெகரேஷனுக்கு ஓடுவாங்க, நீங்க அந்த டேபிளைக் கேட்டு வாங்குங்க. ஒரு நாளில் நூறு பேரிடம் பெயர், காலேஜ் கேட்டாகணும்.

கீழே இருந்து மேலே ஏறுங்க. ஒவ்வொன்றுக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுறீங்களோ அதை ஒரு வரி எழுதுங்க: "கடைக்காரர் திட்டுவார்." முடிந்ததும் நடந்ததை எழுதுங்க: "வேற கலர் பாக்குறியாப்பான்னு கேட்டார்." இந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் பாடம். ஒரே தடவையில் மார்க் இறங்காது, பல இடத்தில், பல தடவை செய்யணும்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் 19வது வயதில் நியூயார்க்கின் ஒரு பூங்காவில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் பேசியே தீருவது என்று வைராக்கியம் வைத்தார். 130 பேர். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரிடம் பேசினார். ஒரே ஒருவர் மறுபடி சந்திக்க ஒத்துக்கொண்டு, அவரும் வரவில்லை. ஆனால் உலகம் இடியவில்லை, பயம் போச்சு என்கிறார். பின்னாளில் அவர் உருவாக்கிய சிகிச்சை முறைக்கு இது ஒரு விதை. தயவுசெய்து இதை நம்ம கேம்பஸில் செய்து பார்க்காதீங்க. அந்தப் பெஞ்சில் இருந்தவங்க பக்கமும் ஒரு கதை இருக்கும். டீக்கடை போதும்.

ஒரு எச்சரிக்கை. பயத்தை மறைக்க நாம் சில தந்திரங்கள் வைத்திருப்போம். கடகடவென்று பேசி முடிப்பது, போனைப் பார்த்துக்கொண்டே பேசுவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்வது, நண்பனைப் பேசவிட்டுப் பக்கத்தில் நிற்பது. இது கோடில் எரர் வரும் இடத்தில் எல்லாம் வெற்று 'ட்ரை கேட்ச்' போடுவது மாதிரி. புரோகிராம் ஓடும், பக் அங்கேயே இருக்கும். நல்லபடியா முடிந்தாலும் பெயர் தந்திரத்துக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. அப்போ ஸ்கிரிப்டே வேண்டாமா என்றால், வணக்கம் சொல்லும் முதல் வரியும் முடிக்கும் கடைசி வரியும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் காது மட்டும் போதும்.

கோபமான கஸ்டமர்தான் எல்லோருக்கும் 90. அவர் சொல்லி முடிக்கும் வரை விடுங்க. அப்புறம் அவர் பிரச்சினையை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்க: "நேத்துல இருந்து நெட் வரலை, ரெண்டு தடவை சொல்லியும் யாரும் வரலை, சரிங்களா சார்?" பாதிப் பேர் இங்கேயே குரலை இறக்கிவிடுவார்கள். விடை தெரியாவிட்டால் "தெரியலைங்க, கேட்டுட்டு நாலு மணிக்குள்ள நானே கூப்பிடுறேன்." நாலு மணிக்குக் கூப்பிடுங்க, விடை கிடைக்காவிட்டாலும் கூப்பிட்டு அதைச் சொல்லுங்க. ஃப்ரெஷருக்கு எல்லாம் தெரியும் என்று எந்த டீம் லீடும் எதிர்பார்ப்பதில்லை.

ராத்திரி ஷோ ஒன்று இருக்கு, அதையும் சொல்லணும். லைட் அணைத்ததும் அன்றைக்குப் பேசிய மொக்கை வாக்கியம் ரீப்ளே ஆகும். நோட்டில் எழுதியாச்சு என்றால் விசாரணை முடிந்தது. மறுபடி ஓடினால் எழுந்து தண்ணீர் குடிச்சுட்டு வாங்க.

சிலருக்கு இதெல்லாம் போதாது. ஆறு மாதத்துக்கு மேல் இந்தப் பயம் விடாமல் இருந்து, வைவாவுக்கே போகாமல் இருக்க வைக்கிறது, கேன்டீனில் எல்லார் முன்னாலும் சாப்பிட முடியவில்லை என்றால் அது கூச்சம் என்ற அளவைத் தாண்டியிருக்கலாம். அதற்கு சிகிச்சை இருக்கிறது, நன்றாகப் பலன் தரும். 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டுப் போட்டால் போதும். சீனியர் கொடுத்தான் என்று படபடப்பு மாத்திரை போடாதீங்க. அதில் சிலது ஆஸ்துமா இருப்பவங்களுக்கு ஆபத்து. 'ஒரு பீர் போட்டா பேச்சு வரும்' என்கிறவன் பேச்சையும் கேட்காதீங்க.

போனில் பேசவே பயம் என்று 14416க்கு எப்படிப் பண்ணுவது என்று கேக்குறீங்களா? நியாயமான கேள்வி. என் நோட்டில் அதற்கு 75 போட்டிருந்தேன். நடக்கும் என்று எழுதியது: "என்ன சொல்றதுன்னு தெரியாம கட் பண்ணிடுவேன்." நடந்தது: முதல் தடவை கட் பண்ணிட்டேன். ரெண்டாவது தடவை பதினெட்டு நிமிஷம் பேசினேன்.