மரம் சாய்ந்தால் பழி யாருக்கு?

புயல் ஓய்ந்த மறுநாள், தோப்பில் சாய்ந்து கிடக்கும் மாமரத்தைச் சுற்றி நிற்பவர்கள் ஒட்டுக் கட்டியவரைத்தான் முதலில் திட்டுவார்கள். மண்ணை யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: ஒட்டு மரத்துக்கு ஆணிவேர் கிடையாது.

உண்மை: மா ஒட்டின் அடிப்பாகம் மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்று, அதற்கு ஆணிவேர் உண்டு. ஆணிவேர் இல்லாதவை கொய்யாப் பதியன், மாதுளைக் குச்சி போன்றவைதான். மா ஒட்டு கெடுவது பெரும்பாலும் நாற்றுப் பையில். மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தால் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் நிமிராது.

நம்பிக்கை: ரகம் நல்லதாக இருந்தால் போதும்; அடியில் எந்தக் கன்று இருந்தால் என்ன?

உண்மை: பழத்தின் ரகம் மேலே கட்டிய குச்சியைப் பொறுத்தது. மரத்தின் உயரத்திலும் வேரின் பிடிப்பிலும் அடிக்கன்றான வேர்ச்செடிக்குப் பெரும் பங்கு உண்டு. சப்போட்டாவைப் பாலைக் கன்றின் மேலும், உப்பு நிலத்துக்கான திராட்சையை டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியின் மேலும் கட்டுவது இதனால்தான். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தரம் பிரித்த எம்-9 வேர்ச்செடியில் ஆப்பிள் குட்டையாக நின்று சீக்கிரம் காய்க்கும். ஆனால் அதன் வேர் எளிதில் ஒடியும். ஆயுள் முழுக்க முட்டுக்கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: வீரியமான வேர்ச்செடி எந்த மண்ணையும் துளைத்துவிடும்.

உண்மை: வேருக்கு ஈரம் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். சுக்கான் பாறை தட்டினால் ஆணிவேர் பக்கவாட்டில் திரும்பிவிடும். நீர் தேங்கும் களியில் மூச்சுமுட்டி அழுகும். கரிசல் கோடையில் வெடிக்கும்போது சிறு வேர்கள் அறுபடும். மணலில் ஈரமும் சத்தும் குறைவு என்பதால் வேர் அவற்றைத் தேடி வெகுதூரம் ஓடும். ஈஸ்ட் மாலிங் ஆய்வாளர்கள் ஆப்பிள் மரங்களை வேரோடு தோண்டிப் பார்த்தபோது, வேர்கள் கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருந்தன. அடிமரத்தை ஒட்டியே நீரும் உரமும் கொட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: களிமண்ணில் மூன்றடிக் குழி வெட்டி, செம்மண்ணும் எருவும் நிரப்பினால் போதும்.

உண்மை: அது நிலத்தில் புதைத்த தொட்டி. மழைநீர் குழிக்குள்ளேயே நிற்கும். சுற்றியுள்ள இறுகிய மண்ணுக்குள் போகத் தயங்கி வேர் உள்ளேயே வட்டமடிக்கும். வடிகாலும் மேட்டுப்பாத்தியும்தான் அங்கே உதவும்.

வேர்ச்செடி குணத்தைத் தரும். அந்தக் குணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மண் முடிவு செய்யும். கன்று வாங்கப் போகும் முன் நிலத்தில் நாலடி தோண்டிப் பாருங்கள். பிறகு பண்ணையில் பழத்தின் பெயரோடு அடிக்கன்றின் பெயரையும் கேளுங்கள்.