முக்கோணம் தந்த அங்கி

ஐரோப்பாவில் இடைக்கால வாழ்க்கையை நடித்துக்காட்டும் விழாக்கள் பல நடைபெறுகின்றன. அவற்றில் பங்கு பெறுவோர் பலர் அக்கால முறைப்படித் தாமே உடை தைத்து அணிகிறார்கள். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் அங்கியை எப்படி வெட்டினார்கள் என்பது அவர்களுக்கு எவ்வாறு தெரியும்? ஓவியங்கள் உடையின் தோற்றத்தைத்தான் காட்டும், தையலைக் காட்டா. எளிய மக்களின் உடைகளோ கந்தலாகும்வரை உடுத்தப்பட்டு அழிந்துவிட்டன.

விடை கிரீன்லாந்தின் தென்பகுதியில் கிடைத்தது. அங்கே ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்னுமிடத்தில் நார்ஸ் மக்கள் குடியேறி வாழ்ந்தனர். பலரைச் சவப்பெட்டியின்றி, பழைய கம்பளி உடைகளில் சுற்றியே புதைத்தனர். 15-ஆம் நூற்றாண்டில் அக்குடியிருப்புகள் மறைந்துபோயின. 1921-இல் டென்மார்க் அறிஞர் பவுல் நோர்லுண்ட் அந்தக் கல்லறைத் தோட்டத்தை அகழ்ந்தார். அங்கிகளும் முக்காடுகளும் வெளிவந்தன. உறைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் பெருக முடியாததால் கம்பளி மட்காமல் இருந்தது. அவ்வுடைகளில் பல இன்று கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவற்றுள் பல அங்கிகளில் முன்னும் பின்னும் பக்கங்களிலும் முக்கோணத் துண்டுகள் செருகித் தைக்கப்பட்டிருந்தன. காரணம் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம்.

50 செ.மீ. அகலமும் 100 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு துண்டுகளை இணைத்தால், கீழ்ச்சுற்றளவு 100 செ.மீ. ஆகும். இதை அணிந்து எட்டி நடக்க இயலாது. சுற்றளவு 220 செ.மீ. வேண்டும் என்று கொள்வோம். அங்கி முழுவதையும் அகலமாக்கினால் 120 × 100 = 12,000 ச.செ.மீ. துணி கூடுதலாகத் தேவை. மாறாக, அடி 30 செ.மீ., உயரம் 60 செ.மீ. கொண்ட நான்கு முக்கோணங்களைச் செருகினால் 4 × ½ × 30 × 60 = 3,600 ச.செ.மீ. போதும்! இரண்டு செவ்வகங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கும் கிடைத்துவிடும். ஒரு துணுக்கும் வீணாகாது. ஒவ்வொரு நூலையும் கையால் நூற்று நெய்த வீடுகளில் இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிது!

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பிதாகரஸ் தேற்றப்படி இம்முக்கோணத்தின் கர்ணம் சுமார் 67 செ.மீ. அதை 60 செ.மீ. பிளவில் தைத்தால் 7 செ.மீ. கீழே நீண்டு தொங்கும். மேலும், அந்த ஓரம் இழுபடும். ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நூல் செல்லும் திசையில் இழுங்கள், அதிகம் நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், எளிதில் நீள்கிறதல்லவா? பாவும் ஊடையும் அமைக்கும் சிறு சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாவதே காரணம். தையற்காரர்கள் 'கிராஸ்' என்பது இதைத்தான். ஆகவே அங்கியை ஓரிரு நாள் தொங்கவிட்டு, நீளவேண்டியது நீண்ட பின்னரே கீழ்விளிம்பை வெட்டிச் சமன்செய்வது நல்லது.

பழைய உடையைப் பார்த்தால் அதன் வடிவம் தெரியும். அதேபோல் ஒன்றைத் தைத்துப் பார்த்தால்தான் தைத்தவர் எதிர்கொண்ட சிக்கல்கள் தெரியும். அதுவும் ஓர் அறிவியல் சோதனையே.

நீங்களும் பழைய செய்தித்தாளில் இந்த அங்கியைப் பாதி அளவில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் உயரத்தை மட்டும் கூட்டினால் சுற்றளவு மாறுமா? துணியின் தேவை மாறுமா? விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.