கெல்ட்டியரின் பவளமும் வைப்பாற்றுச் சங்கும்

கேள்வி: வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல்களைக் கண்காட்சியில் பார்த்தேன். பழங்கால ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் மக்களும் கழுத்திலும் கையிலும் காப்பு அணிந்தார்கள், இறந்தவரோடு இரும்பையும் பாத்திரங்களையும் வைத்துப் புதைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுடைய வெள்ளிக் கொப்பரை ஒன்றில் சம்மணமிட்ட கொம்புத் தெய்வமும், யானைகளுக்கு நடுவே ஒரு பெண் தெய்வமும் இருக்கின்றனவாமே? அப்படியானால் அவர்களுக்கும் நமக்கும் மூலம் ஒன்றுதானா?

— வாசகர், தாயில்பட்டி

பதில்: கொப்பரை இருப்பது உண்மைதான். 1891-இல் டென்மார்க்கில் குண்டெஸ்ட்ரூப் என்ற ஊருக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் எரிபொருளுக்காக மண் வெட்டியவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய 9 கிலோ எடையுள்ள அந்த வெள்ளிக் கொப்பரை இன்று கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உட்புறத் தகடு ஒன்றில் மான்கொம்பு முளைத்த ஓர் உருவம் கால் மடித்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மொகஞ்சதாரோ முத்திரையின் ‘பசுபதி’ நினைவுக்கு வருவது இயல்பு. அறிஞர்கள் சிலரே அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த உருவத்தின் கைகளைப் பாருங்கள். ஒரு கையில் கெல்ட் வீரர்கள் கழுத்தில் அணியும் முறுக்குக் காப்பு. மறு கையில் ஆட்டுக்கடாவின் கொம்பு வைத்த பாம்பு. இரண்டும் கெல்ட் நாட்டுச் சிற்பங்களில் வேறு இடங்களிலும் வருபவை, சிந்துவெளியில் இல்லாதவை. உட்காரும் முறைக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. கெல்ட்டியர் நாற்காலி போடாமல் தரையில் தோல் விரித்து உட்கார்ந்தே சாப்பிட்டார்கள் என்று கிரேக்க ஆசிரியர் டயோடோரஸ் எழுதி வைத்திருக்கிறார். தரையில் உட்காரும் வழக்கமுள்ள மக்கள் தங்கள் தெய்வத்தையும் தரையில்தான் உட்கார வைப்பார்கள். முத்திரைக்கும் கொப்பரைக்கும் நடுவே ஏறக்குறைய 2,000 ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சான்றும் கிடைக்கவில்லை. யானைகளோ, யானையை நேரில் பார்த்தவர் கை வேலையாகத் தெரியவில்லை. கார்த்தேஜ் தளபதி ஹானிபால் கி.மு. 218-இல் யானைப்படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தவர். கிரேக்க அரசர்களின் காசுகளிலும் யானை உண்டு. கொப்பரையைச் செய்தவர் தென்கிழக்கு ஐரோப்பாவின் திரேசியப் பகுதி வெள்ளி வேலைக்காரராக இருக்கலாம் என்ற கருத்து வலுவானது. அவருக்கு யானை உருவம் கிடைக்க இந்தியா வரை வழி தேட வேண்டியிருக்கவில்லை.

இந்த ஒப்பீட்டு ஆசை புதியதல்ல. நிஜாம் ராஜ்யத்தில் வேலை பார்த்த மெடோஸ் டெய்லர் 1850-களில் தக்காணத்துக் கல்வட்டங்களையும் கல்திட்டைகளையும் ஆராய்ந்து, அவற்றைக் கெல்ட்டியர், அவர்களுடைய துருயிதுப் பூசாரிகள், அல்லது சித்தியர் விட்டுச்சென்ற சின்னங்கள் என்ற தலைப்பிலேயே எழுதினார். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் அதே மாதிரிக் கற்களைக் கண்டு பழகியவர்களுக்கு அந்த முடிவு சட்டென்று தோன்றியது. பின்னால் அது இரண்டு பக்கமும் இடிந்துபோயிற்று. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை கி.மு. 3200 வாக்கில் எழுந்தது. கெல்ட்டியருக்குரியவை என்று நாம் அடையாளம் காணும் ஹால்ஸ்டாட், லா தேன் கலைகள் கி.மு. 800-க்குப் பிந்தியவை. ஆக, அந்த ஐரோப்பியக் கற்களை நிறுத்தியவர்கள் கெல்ட்டியரே அல்லர்; உலோகமே அறியாத பழைய உழவர்கள். நம்முடைய ஈமக்கற்களும் தாழிகளுமோ இரும்பு புழங்கிய காலத்தவை. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், தங்க நெற்றிப்பட்டங்களும் வந்தன. அதே பகுதியின் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. அந்தக் காலக்கணிப்பு பற்றி விவாதம் நடக்கிறது. அதை ஒதுக்கி வைத்தாலும், இரும்பைக் கெல்ட்டியர் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தார்கள் என்று சொல்ல இடமில்லை. இறந்தவருக்குச் சோறும் கருவியும் வைத்து அனுப்புவது மனிதர் பல இடங்களில் தாமாகவே செய்தது. உருவமும் சடங்கும் ஒத்திருப்பதை வைத்து மூலம் தேடினால் இப்படித்தான் வழி தவறும். ஒரு பொருள் எந்தக் கச்சாப்பொருளால் ஆனது, அதைச் செய்தபோது விழுந்த கழிவு எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தோண்ட ஆரம்பித்தது. மூன்று கட்டமாக நடந்த அகழாய்வில் பாசிமணி, சுடுமண் உருவம், தக்களி, ஆட்டக்காய், வட்டச்சில்லு என்று ஆயிரக்கணக்கில் பொருள்கள் வந்தன. அவற்றில் சங்கு வளையல் துண்டுகள் ஏராளம். வெறும் வளையல் மட்டும் கிடைத்திருந்தால் யாரோ விற்கக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடலாம். வெண்சங்கின் வாய்ப்பக்கத்தை உடைத்து, நடுத்தண்டை நீக்கி, குறுக்கே வாள் போட்டு அறுத்தால் வட்டம் வட்டமாக வரும். உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினால் வளையல். மிஞ்சுவது சங்கின் சுருள் நுனி, நடுத்தண்டு, அறுக்கும்போது உடைந்த வட்டம். இந்த மிச்சங்கள் கிடக்கும் இடம்தான் பட்டறை. வெம்பக்கோட்டையைச் சங்கு வளையல் செய்த ஊர் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுவே. வைப்பாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாதான் இந்தச் சங்கு விளையும் கடல். ஆற்றங்கரைப் பாதையிலேயே சரக்கு மேலேறி வந்திருக்க முடியும். ஜேம்ஸ் ஹார்னல் 1914-இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில் கொற்கை, பழைய காயல் பகுதிகளில் இப்படி அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், அரம் போட்டு வளையல் அறுத்த பிறகு மிஞ்சிய சங்கின் கொழுந்தைப் பகன்றை மொட்டுக்கு உவமையாக்குகிறார். பட்டறைக் கழிவைக் கண்ணால் பார்த்திராத ஒருவருக்கு அந்த உவமை தோன்றியிருக்காது. எனக்குச் சங்க இலக்கியத்தில் மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று. கெல்ட்டியரோ கி.மு. 3-ஆம் நூற்றாண்டு முதல் இணைப்பே தெரியாத கண்ணாடி வளையல் செய்தவர்கள். உருகிய கண்ணாடியில் துளையிட்டு, சுழற்றிச் சுழற்றி விரித்தார்கள். அருமையான கைவேலைதான். சங்கை அறுப்பதற்கும் அதற்கும் கருவி வேறு, சூடு வேறு, கற்க வேண்டிய பயிற்சியும் வேறு.

தொடர்பே கிடையாதா என்றால், ஒரு பொருளில் உண்டு. அது பவளம். சூதுபவளம் என்று நாம் சொல்வது கல். நான் சொல்வது கடலில் விளையும் செம்பவளம். 1927-இல் பிரான்சின் லொரேன் பகுதியில், பாஸ்-யூட்ஸ் என்ற ஊரில் கிடைத்த இரண்டு வெண்கலக் கூஜாக்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டிய கெல்ட் வேலை. மூக்கின் நுனியில் ஒரு குட்டி வாத்து. மதுவை ஊற்றினால் அது நீந்துவதுபோல இருக்கும். கழுத்திலும் அடியிலும் பவளத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். அன்று சிவந்திருந்த பவளம் இன்று வெளுத்துப்போயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டியரான கால் நாட்டவர் முன்பெல்லாம் வாளிலும் கேடயத்திலும் தலைக்கவசத்திலும் பவளம் பதித்தார்கள் என்றும், வெளிநாட்டில் அதற்கு ஏற்பட்ட கிராக்கியால் விளையும் கடலோரத்திலேயே அது அரிதாகிவிட்டது என்றும் எழுதுகிறார். இந்தியர் பவளத்தை எவ்வளவு மதித்தார்களோ, ரோமானியர் இந்திய முத்தை அவ்வளவு மதித்தார்கள் என்பதும் அவர் சொல்வதே. மேலான பவளம் எடுக்கும் இடமென்று அவர் குறிப்பது கால் நாட்டுக் கடலில், இன்றைய மார்சேய்க்குக் கிழக்கேயுள்ள தீவுகளை. அதே நூற்றாண்டின் கிரேக்கக் கப்பல் வழிகாட்டியான பெரிப்ளூஸ், முசிறிப் பக்கம் வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. கெல்ட் நாட்டுக் கடல், ரோமானிய வணிகர், எகிப்தியத் துறை, சேரநாட்டுக் கரை என்று சங்கிலி முழுதாகக் கிடைக்கிறது.

இதற்கு இரண்டு தடைகள் எழும். ஒன்று, பட்டினப்பாலை துகிரை, அதாவது பவளத்தை, கீழைக்கடலின் சரக்காகச் சொல்கிறதே என்பது. சொல்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கிழக்கிலிருந்தும் முசிறிக்கு மேற்கிலிருந்தும் ஒரே சரக்கு வருவதில் முரண்பாடு இல்லை. பாட்டு ஒரு துறையைச் சொல்கிறது, பெரிப்ளூஸ் இன்னொரு துறையைச் சொல்கிறது. இரண்டாவது தடை கனமானது. கெல்ட் கைவினைஞர்கள் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியே பவளத்தைக் குறைத்துக்கொண்டு செங்கண்ணாடிக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். ரோமானியருக்கும் நமக்கும் வணிகம் பெருகியது கி.மு. 30-க்குப் பிறகு. ஆகவே பவளம் அரிதானதற்கு இந்தியக் கிராக்கி ஒன்றே காரணம் என்று பிளினியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கெல்ட்டியருக்கு அந்தச் செங்கண்ணாடி பிடித்துப்போனதும் காரணமாகலாம். 1857-இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த பேட்டர்சீ கேடயத்தில் அப்படிப்பட்ட 27 சிவப்புக் குமிழ்கள் உண்டு. அந்தச் சிவப்பைத் தருவது செம்பு. சிவகாசியில் வாணவெடிக்கு நீலம் தரும் அதே செம்பு, காற்றைக் கட்டுப்படுத்திய உலையில் கண்ணாடிக்கு ரத்தச் சிவப்பைத் தருகிறது. அரிக்கமேட்டு மணிக்காரர்களும் செம்பிலிருந்தே செம்மணி செய்தார்கள். அதைக் காட்டி, கெல்ட்டியரிடம் கற்றார்கள் என்று இன்னொரு உறவு கட்ட வேண்டாம். அந்த நுட்பம் இரு சாராருக்கும் வெகுகாலம் முன்பே எகிப்திலும் மேற்காசியாவிலும் இருந்தது. பிளினியின் காரணம் குறையுடையது என்றாலும், பவளம் இங்கே வந்தது என்ற செய்தி அதனால் விழுந்துவிடாது. பெரிப்ளூஸ் அதைத் தனியே சொல்கிறது.

எதிர்த்திசையில் நம்முடையது ஏதாவது போனதா என்றால், மிளகு போயிற்று. ஜெர்மனியின் ஓபர்ஆடென் ரோமானிய முகாம் கி.மு. 11 முதல் 8 வரையே இருந்தது. அங்கே மிளகு கிடைத்திருக்கிறது. ரோமானியர் ஆண்ட பிரிட்டனின் வடக்கு எல்லையில் விண்டோலாண்டா கோட்டையின் மரப்பலகைக் கணக்குகளில், கி.பி. 100 வாக்கில், மிளகு எழுதப்பட்டிருக்கிறது. செங்கடல் துறையான பெரனிகேயில் ஓர் இந்திய ஜாடிக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. ஆனால் இந்த வழியில் கெல்ட்டியர் ஒருவரும் தமிழர் ஒருவரும் நேருக்கு நேர் சந்தித்ததற்குச் சான்று இல்லை. பவளமும் மிளகும் ரோமானியர், எகிப்தியர், அரபியர் என்று கை மாறியே போய்வந்தன. இன்றும் நம் ஊர் நகைக்கடைகளில் செவ்வாய்க்கு மோதிரம் கேட்டால் ‘இத்தாலியப் பவளம்’ என்று எடுத்துக் காட்டுவார்கள். பிளினியின் உயிரைக் குடித்த வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்திலுள்ள டோரே டெல் கிரேக்கோ அதற்குப் பேர்போன ஊர். வெம்பக்கோட்டைச் சங்கு வளையலுக்கு நீங்கள் வைப்பாற்றைத் தாண்டி மூலம் தேட வேண்டாம். மேற்கே தேட வேண்டியது பவளத்துக்குத்தான்.