கிளறினால் சிப்பி: மன்னார் முசலிக் கரையில் பழசை அறிய 9 குறிப்புகள்

1. சிப்பியைக் கண்டதும் உயிர்ச்சுவடு என்று முடிவு கட்டாதீர்கள். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிப் பக்கம் மண்ணைக் கிளறினால் வருவது பெரும்பாலும் முத்துக்குளிப்பின் மிச்சம். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கிய பின் ஓடு கரையிலேயே கிடந்தது. தெற்கே உள்ள குதிரைமலைச் சுண்ணக்கல்லில் பதிந்திருப்பதோ மயோசீன் காலத்தது. அந்தக் காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுக்கு முன் முடிந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் தட்டுப்படும் கல்லும் அதே காலத்துக் கல்தான்.

2. ஒரே இனம், குவியலாக, உதிரியாக, உள்ளே மினுக்கத்தோடு கிடந்தால் அது குளிப்புக் கழிவு. மட்டி, சங்கு, முருகை எல்லாம் ஒரே கல்லில் இறுகி, ஓட்டின் குழியிலும் கல் நிறைந்திருந்தால் உயிர்ச்சுவடு. கையில் எடுத்துப் பாருங்கள், பாரம் சொல்லிவிடும்.

3. மினுக்கம் இல்லையே என்று கல்லைத் தள்ளிவிட வேண்டாம். முத்துச்சிப்பியின் உள்மினுக்கம் அரகோனைற்று என்ற சுண்ணப்பொருள். மழைநீர் ஊறும் கல்லில் அது முதலில் கரையும். கல்சைற்று என்ற வேறு சுண்ணப்பொருளாலான பாறைச்சிப்பி ஓடும் விசிறிச்சிப்பி ஓடும் நின்று பிடிக்கும். மட்டி ஓடும் அரகோனைற்றே என்பதால் பல இடங்களில் முழுதாகக் கரைந்து, அதன் அச்சு மட்டுமே கல்லில் எஞ்சியிருக்கும். அச்சையும் சிப்பியாகவே எண்ணிக் குறியுங்கள்.

4. வினாகிரி, தேசிக்காய்ப் புளி இரண்டும் வேண்டாம். நுரை வருவதைப் பார்த்து ‘பழசுதான்’ என்று சிலர் மகிழ்வதுண்டு. நேற்றுக் கறிக்கு உடைத்த மட்டி ஓடும் அப்படியே நுரைக்கும். அழிவது வரிகள்தான், அவை போனால் இனம் காண வழியில்லை.

5. கரையில் உதிர்ந்து கிடந்த துண்டானால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குங்கள். பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து நிழலில் காயவிடுங்கள். கத்தி படக்கூடாது.

6. இருட்டிய பின் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் வரி வரியாக நிழல் எழும்பும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டத் தவறாதீர்கள்.

7. இனம் காண மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலாவது மூக்கு: ஓடு வளரத் தொடங்கிய கூர்முனை. அடுத்தது பிணைச்சல். கதவுப் பிணைச்சல்போல் இரண்டு ஓடும் சேரும் இடம் அது. முத்துச்சிப்பிக்கு அது நேர்கோடு, மட்டிக்குப் பற்கள் உண்டு, விசிறிச்சிப்பிக்கு இரு பக்கமும் காது நிற்கும். மூன்றாவது, உட்புறத்தில் தசை ஒட்டியிருந்த தழும்பு. முத்துச்சிப்பிக்கும் பாறைச்சிப்பிக்கும் ஒன்று, மட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு. அந்த இரண்டையும் இணைக்கும் மெல்லிய கோட்டை விரலால் பின்தொடருங்கள். அது ஒரு பக்கம் உள்நோக்கி வளைந்திருந்தால் அந்த மட்டி மண்ணுக்குள் புதைந்து, குழாயை மேலே நீட்டித் தண்ணீர் உறிஞ்சி வாழ்ந்தது. செத்து எத்தனை இலட்சம் ஆண்டானாலும் அது வாழ்ந்த விதத்தை இந்த ஒரு கோடு காட்டிக் கொடுக்கிறது. சிப்பியில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

8. ‘அழகான பெரிய சிப்பி’ என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்: ‘ஒரு பக்க ஓடு. மூக்கிலிருந்து விளிம்புக்கு 41 மி.மீ., அகலம் 44 மி.மீ. வரி 22. காது ஒன்று உடைந்தது. தழும்பு ஒன்று. மஞ்சள் சுண்ணக்கல், கடல்மட்டத்திலிருந்து ஓராள் உயரம்.’ படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் ரூபாய்க் குற்றி. எடுத்த இடம் எழுதாத சிப்பி பாதி சிப்பிதான்.

9. குதிரைமலை வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு துண்டும் பெயர்க்கக் கூடாது, உதிர்ந்ததையும் எடுக்கக் கூடாது. படமும் குறிப்பும் போதும். அவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கோ கொழும்பு அருங்காட்சியகத்துக்கோ காட்டலாம். கல் அதன் இடத்திலேயே இருந்தால்தான் அவர்கள் வந்து எந்தப் பாறைப் படை என்று பார்க்க முடியும்.