புதுச்சேரி பாணியில் நம் வீடு: சில குறிப்புகள்

வீட்டுக்கு நம் முகத்தைத் தர பெரிய செலவு வேண்டியதில்லை. புதுச்சேரித் தெருக்களே சொல்லித்தரும்.

நிறம்: ஒயிட் டவுன் கட்டடங்கள் பலவற்றில் சுவர் மஞ்சள், விளிம்புகள் மட்டும் வெள்ளை. அறைக்குள்ளும் 60 சதவீதம் முதன்மை நிறம், 30 சதவீதம் துணை நிறம், 10 சதவீதம் எடுப்பான நிறம் என்று பிரியுங்கள். அந்தப் பத்துக்குத் தலையணை உறையும் பூஞ்சாடியும் போதும்.

பழசும் புதுசும்: வைசியாள் வீதி வீடுகளில் கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவுச் சன்னல். அதுபோல பாட்டியின் மரப்பெட்டியைப் புது சோபா அருகே வைக்கலாம். நிறமோ வடிவமோ ஒன்றாவது ஒத்துப்போகட்டும்.

வெளிச்சம்: அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டேயில், திருப்பி வைக்கும் பட்டைகள் வழியே காற்றும் ஒளியும் வரும். கனத்த திரையை எடுத்துவிட்டு மூங்கில் தட்டி மாட்டிப் பாருங்கள்.

படங்கள்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பல படங்கள் என்றால், அதே அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகு ஆணி அடியுங்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பித்தளைக் கொக்கி நல்லது.

கைவினை: வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. உயரம் மாறுபடும் மூன்றைச் சேர்த்து வையுங்கள். காகிதக்கூழில் ஈரம் படக்கூடாது. உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.