திராட்சைத் தோட்டத்துக்கு ஓர் எண்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் வட்டாரத்தில் பறிக்கும் திராட்சை ஐரோப்பியக் கடைகளுக்குப் போய்ச் சேருமுன் பல கை மாறுகிறது. விவசாயி, தோட்டக்கலை அலுவலர், பரிசோதனைக்கூடம், சிப்பம் கட்டும் நிலையம், ஏற்றுமதியாளர் என வரிசை நீளம். இவர்கள் ஒரே முதலாளியின் ஆட்கள் அல்லர். இந்த ஆண்டு வாங்கியவர் அடுத்த ஆண்டு வராமலும் போகலாம்.

2003-ம் ஆண்டு நெதர்லாந்து சென்ற இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்தின் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அவரவர் கணக்கு அவரவர் நோட்டில் கிடந்தால், பழுது எந்தத் தோட்டத்தில் என்று எப்படிப் பிடிப்பது? ஒரு தோட்டத்துத் தவறுக்கு ஊர்ச் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இதற்காக மத்திய அரசின் ஏற்றுமதி வளர்ச்சி நிறுவனமான 'அபேடா' 2006-ல் 'கிரேப்நெட்' என்ற பொதுக் கம்ப்யூட்டர் பதிவேட்டைக் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்கான ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பதிவு எண் உண்டு. பரிசோதனைக்கூடத்தார் தோட்டத்திலிருந்து மாதிரி எடுத்து, முடிவை அந்த எண்ணின் கீழ்ப் பதிகிறார்கள். எச்சம் மிகுந்த தோட்டத்துப் பழம் மேலே நகராது. அட்டைப்பெட்டிகளுக்கும் கணக்கு உண்டு. எனவே வெளிநாட்டில் குறை கண்டால் தோட்டம் வரை பின்னோக்கி வரலாம். எண் தோட்டத்துக்கு உரியது, வாங்குபவருக்கு உரியதல்ல. விவசாயிக்கு இதுதான் பெரிய பிடிமானம்.

ஆனால் கம்ப்யூட்டர் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். 2010-ல் இது நன்றாகத் தெரிந்தது. கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெளிக்கும் குளோர்மெக்வாட் என்ற மருந்து (விவசாயிகள் சி.சி.சி. என்பார்கள்) அப்போது பரிசோதனைப் பட்டியலில் இல்லை. இங்கே தேறிய பழத்தில் ஐரோப்பாவில் அதன் எச்சத்தைக் கண்டு தடுத்தார்கள். விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் கடும் நஷ்டம் அடைந்தனர். பிறகுதான் அது பட்டியலில் ஏறியது. தெளித்தவருக்குத் தெரியும், சோதித்தவருக்குத் தெரியாது என்றால் கருவி எவ்வளவு நல்லதாயினும் பயன் குறைவே.

பின்னர் இதே முறை மாதுளை, மாம்பழம், காய்கறிகளுக்கும் வந்தது. ஏற்றுமதியாளருக்கோ உற்பத்தியாளர் கம்பெனிக்கோ விற்க எண்ணும் சிறு விவசாயிகள் இன்றே தெளிப்பு நோட்டு ஒன்று தொடங்கலாம். தெளித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, அறுவடைத் தேதி ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். வளர்ச்சி ஊக்கிகளையும் விடக்கூடாது. மருந்துக்கடை ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நல்லது. வயலுக்குச் சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பட்டாவுடன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.