தம்பி வீட்டுக்கு வந்தபின்

அன்புள்ள செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. குடிபோதை மறுவாழ்வு மையத்திலிருந்து தம்பி வந்துவிட்டான், அம்மா தினமும் அவன் சட்டைப் பையைத் துழாவுகிறாள் என்று எழுதியிருந்தாய். மனநலப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி லீ ராபின்ஸ் என்ற பெண்மணி ஓர் ஆய்வு செய்தார். 1971 செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களில் சுமார் 900 பேரைத் தேடிப்பிடித்துப் பேசினார். போர்முனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையாக இருந்திருக்கிறார். ஊர் வந்த முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். ஆய்வை நம்ப அன்று பலருக்கு மனசு வரவில்லை.

"பார்த்தாயா, மனசு வைத்தால் எவனும் விட்டுவிடலாம்" என்று உன் மாமா இதைப் பிடித்துக்கொள்வார். விடாதே. அந்தச் சிப்பாய்களுக்கு மலிவாகக் கிடைத்த சரக்கு, சேர்ந்து புகைத்த கூட்டாளிகள், சாவுப் பயம் எல்லாமே கடலுக்கு அப்பால் போய்விட்டன. நம் பையனுக்கு நேர்மாறு. ஒதுங்கியிருந்து தேறியவன், குடித்த அதே தெருவுக்குத் திரும்பியிருக்கிறான். அதே டாஸ்மாக், அதே சம்பள நாள், அதே சாயங்காலம். அதனால் அவன் மனஉறுதியை அளந்துகொண்டிருக்காமல் அந்தச் சாயங்காலத்தை மாற்றுங்கள். வேலை முடிந்து வேறு வழியாக வரட்டும். குடியை விட முயல்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகட்டும். கொஞ்ச நாள் சம்பளம் உன் கையில் இருக்கட்டும், ஆனால் அவனே சம்மதித்துக் கொடுக்க வேண்டும்.

'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கிற பொடி எதையும் அம்மா வாங்காமல் பார்த்துக்கொள். குடியை நிறுத்த டாக்டர்களே கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைக்கூட நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுபடி குடித்துவிட்டால்? நடக்கக்கூடியதுதான். பட்ட பாடெல்லாம் வீண் என்று வீடு அழ வேண்டாம். ஆனால் நாள்கணக்கில் குடித்துவிட்டான் என்றால் அறையில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அம்மாவையும் கவனி. சென்னையில் 1980-இல் டி.டி.ரங்கநாதன் மையத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அங்கே நோயாளியின் குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்களும் நடக்கின்றன. வெட்கப்படாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கத் தம்பியைத் தனியாக அனுப்பாதே. நீயும் போய்விட்டு வந்து எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா